எர்னஸ்ட் அண்ணன் எடுக்கும் பெரட்டு

எங்கள் வீட்டுக்கும் எர்னஸ்ட் அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். கோலா சிலாங்கூரில் இந்த மலிவு விலைத் தாமான் குடியிருப்பைக் கட்டியவன் செங்கல்லில் மிச்சம் பிடித்தானோ, சிமெண்டில் மிச்சம் பிடித்தானோ, அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் தையல் மெஷின் கிடக்கிறது. உஷாராணி ஒட்டுக் கேட்கிறாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுகிறது, நான் என்ன செய்ய.

இசபெல் அக்கா உயிரோடு இருந்தவரை அந்தப் பக்கம் ஒரே கலகலப்பு. மீன் குழம்பில் புளி கூடிப்போனதற்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மணி நேரம் வாயாடுவார்கள். அக்கா போன பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்கும், பிறகு ஒரு தட்டு கழுவும் சத்தம் கேட்கும். ஒரே ஒரு தட்டு. எனக்கு அது பொறுக்காது. மெஷினை வேகமாக மிதித்து அந்தச் சத்தத்தை அமுக்கிவிடுவேன்.

அப்படி இருந்த வீட்டிலிருந்துதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெயர் கூப்பிடும் குரல் கேட்டது. “டக்ளஸ்” என்றார். அவரே கொஞ்சம் குரலை மாற்றி “யெஸ்” என்றார். “ரோரி.” “யெஸ்.” “ஃபின்லே.” “யெஸ்.” இப்படி இருபது பேருக்கு மேல் போனது. மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று மெஷினை விட்டு எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்லன் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அன்றைக்கு இருந்தார். எழுப்பிச் சொன்னதற்கு, நீயே போய்ப் பார் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்ல துணை. ஒரு கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு நானே போனேன்.

மாதா கோயிலுக்குப் போட்டுப்போன சட்டையைக்கூடக் கழற்றாமல், மேஜைமேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் வரிசையாகப் பெயர்கள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுப்போனார். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னார்.

அது ஒரு பந்து விளையாட்டு. ஆனால் பந்தை உதைக்கிற விளையாட்டு இல்லை, ஒரு கிளப்புக்கு மேனேஜராக இருக்கிற விளையாட்டு. யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, எந்தப் பொடியனுக்கு என்ன பயிற்சி கொடுப்பது எல்லாம் நம் கையில். அதைப் போட்டுக் கொடுத்தவன் அவருடைய ஒரே மகன் ஜாரெட். பெர்த்தில் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அம்மாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்து விமானம் ஏறும் முன், “ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் நீங்க இங்க உக்காருங்கப்பா, நான் அங்க உக்காருறேன்” என்று சொல்லிவிட்டுப் போனானாம். ஸ்காட்லாந்தில் கடைசிப் பிரிவில் இரண்டு ஏழைக் கிளப்புகள். ஒன்று அப்பனுக்கு, ஒன்று மகனுக்கு. பெரிய ஆட்டக்காரர்களை வாங்க வழியில்லாத கிளப்புகளாகப் பார்த்து எடுத்தான், அப்போதுதான் சின்னப் பையன்களை வளர்த்தே ஆக வேண்டும் என்று.

விளையாட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. இருவரும் ‘தொடர்க’ பொத்தானை அழுத்தினால்தான் அந்த உலகத்தில் அடுத்த நாள் விடியும். ஒருவர் அழுத்தாவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் அப்பனும் மகனும் பேசிக்கொண்டார்கள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் பையன்களைப் பற்றித்தான்.

அது சரி, பெயர் எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “பேரு கூப்டாம ஆள வேலைக்கு அனுப்புனா எனக்குக் கை ஓடாதும்மா” என்றார்.

அவர் மில்லில் லோரி எடை போடும் வேலைக்குப் போவதற்கு முன், புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குப் பெரட்டு தெரியாது. விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கிராணி பெயர் கூப்பிடுவார். இருக்கிறவர் “யெஸ்” சொல்ல வேண்டும். வராதவருக்காக வரிசையில் இன்னொருவர் “லீவு” என்று குரல் கொடுக்கலாம். ஆனால் லீவு சொன்னவர்தான் அதற்குப் பொறுப்பு. ஆள் திரும்பி வராவிட்டால் வேலை வாங்கும் மண்டோர் முதலில் பிடிப்பது அவரைத்தான்.

என் அம்மா நல்லம்மாள், சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது, கூட வேலை செய்த ஒருத்திக்கு இப்படி லீவு சொன்னாள். அந்தப் புண்ணியவதி ஒருவனோடு உலு யாமுக்கு ஓடிப்போயிருந்தாள். அம்மாவை மண்டோர் நாய் படாத பாடு படுத்தினார். அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் வாய் திறந்ததில்லை. வரமாட்டார் என்று தெரிந்தவருக்கு லீவு சொல்லக் கூடாது, பெயரை வெட்டிவிட வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் அதுதான் முறை.

எர்னஸ்ட் அண்ணன் அந்தப் பையன்களைத் தோட்டத்து ஆட்களைப் போலவே நடத்தினார். விளையாட்டுக் கணக்கில் முதல் வருஷம் அவருடைய பையன்கள் எவனுக்கும் மூச்சு நிற்கவில்லை, இரண்டாம் பாதியில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மகனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் தினமும் கைப்பேசியில் அந்த ஸ்காட்லாந்து ஊரின் வானிலையைப் பார்ப்பாராம். மழை என்றால் பயிற்சியை ரத்து செய்து எல்லோருக்கும் ஓய்வு போட்டுவிடுவாராம். மழை பெய்தால் பால் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது, ஆட்களுக்கு வேலை இல்லை. அந்தப் பழக்கம். ஸ்காட்லாந்தில் மழை பெய்யாத நாளே கிடையாதாம். அன்றைக்கு லேப்டாப்பிலிருந்து ஜாரெட் சிரித்த சிரிப்பு எங்கள் கூடம்வரை வந்தது. அண்ணன் முதலில் முறைத்துக்கொண்டார், அப்புறம் அவரும் சேர்ந்து சிரித்தார். அக்கா போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

இரண்டாம் வருஷம் கிளப்புக்குப் புதுப் பையன்கள் வந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டே அப்படி ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். அதில் ஒருவன் பெயர் இயன். பதினாறு வயது, நடுக்களத்துக்காரன். ஜாரெட் பிறந்தபோது இசபெல் அக்கா வைக்க ஆசைப்பட்ட பெயர் அது. அண்ணன்தான் பிடிவாதம் பிடித்து ஜாரெட் என்று வைத்தார். இப்போது தானாக ஒரு இயன் வந்து நிற்கிறான். அது போதாதா மனுஷனுக்கு.

அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். இடது கால் சரியில்லை என்று அதற்குத் தனிப் பயிற்சி வைத்தார். விளையாட்டில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரோடு சின்னப் பையன்களைச் சேர்த்துவிடலாம், அந்த மூத்தவரின் குணம் கொஞ்சம் கொஞ்சமாக இவர்களுக்கும் ஒட்டும். அண்ணன் தேடித் தேடி, சண்டை சச்சரவு இல்லாத ஒரு கேப்டனிடம் இயனை விட்டார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இயனும் அந்தக் கேப்டனைப் போலவே பரம சாதுவாகி, பந்தை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு நிற்கிறான். நான் வாய் விட்டே கேலி செய்தேன், ஆட்டக்காரனை வளர்க்கச் சொன்னால் அண்ணன் உபதேசியாரை வளர்த்துவிட்டார் என்று.

அவனுக்குத் திறமை இருந்தது. ஆனால் முதல் அணியில் இறக்கவும் அண்ணனுக்குப் பயம், வெளியே அனுப்பவும் பயம். பையன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவனை வேறு கிளப்புக்கு ஒரு வருஷம் இரவல் கொடுங்கள், ஆட்டம் ஆடினால்தான் வளர்வான் என்று விளையாட்டிலேயே உதவிப் பயிற்சியாளர் எழுதிக்கொண்டே இருந்தார். ஜாரெட்டும் சொன்னான். தெரியாத ஊரில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர் மறுத்துவிட்டார். கடைசியில் ஜாரெட், “எங்கிட்டயே குடுங்கப்பா. நான் பாத்துக்குறேன் லா” என்றான். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. மே மாதக் கடைசியில் பையன் திரும்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. போகிற நாளும் திரும்புகிற நாளும் திரையிலேயே இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதல்.

மகன் விஷயத்தில் அப்படி ஒரு தேதி இல்லை. மூன்று வருஷம்தான், பிறகு இங்கேயே வந்து ஒயரிங் கடை போட்டுவிடுவேன் என்று ஜாரெட் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்காக அண்ணன் முன்னறையில் ஒரு நாற்காலியைக்கூடப் போடாமல் காலியாக வைத்திருந்தார். கூட்டிப் பெருக்குவார், கதவைச் சாத்துவார். மூன்று வருஷம் எப்போதோ கடந்துவிட்டது. இந்தக் கிறிஸ்மஸுக்கு வருகிறான், வந்தால் பேசி முடித்துவிடலாம் என்று தாமான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இயன் போன அடுத்த ஞாயிறு பெரட்டு எடுத்தார். வழக்கம்போல எல்லாப் பெயரும் வந்தது. “இயன்” என்றார். “யெஸ்” வரவில்லை. சும்மா இருந்தார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் சும்மா இருக்குமா எனக்கு. சுவரைப் பார்த்து “லீவு!” என்று கத்தினேன். பிறகு அந்தப் பக்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன்பிறகு ஞாயிறுதோறும் அது எனக்கு வேலையாகிவிட்டது. மே மாதம் பையன் திரும்பிவிடுவான் என்று தெரிந்துதான் சொன்னேன். அதனால் அம்மாவுக்கு வந்த பயம் எனக்கு இல்லை.

அந்தக் காலத்தில்தான் ஜாரெட் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு வராமல் போக ஆரம்பித்தான். முதலில் சுரங்கத்தில் லைன் கிடைக்கவில்லை என்றான். அடுத்து ஓவர்டைம். அப்புறம் காரணமே வரவில்லை. விளையாட்டில் தேதி மே மாதத்து நடுவில் நின்றது. இன்னும் சில நாள் நகர்ந்தால் இயன் வந்துவிடுவான். ஆனால் மகன் வந்து அழுத்தாமல் நாள் நகராது. இங்கே மழைக்காலமே தொடங்கிவிட்டது, அங்கே அதே மே மாதம்.

அண்ணன் விடாமல் உட்கார்ந்தார். கோயில் முடிந்து வந்து, லேப்டாப்பைத் திறந்து, பெரட்டு எடுத்து, நான் லீவு சொல்லி, அதோடு சரி. பிறகு சாயங்காலம்வரை நாற்காலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் வரும். பேசுவதற்கு ஒரு ஆள் வருவான் என்று ஒரு மனுஷன் மணிக்கணக்காகக் காத்திருப்பதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறீர்களா? கேட்கவே கூடாது. ஒருநாள் எனக்கு ஆத்திரம் தாங்காமல் போய்ச் சொன்னேன், அவன் வராவிட்டால் போகிறான், தனியாகவே அழுத்த வழி இருக்கிறதாமே, அழுத்துங்கள் என்று.

“இருக்கும்மா. ஆனா அப்படி அழுத்துனா அவன் எடத்துல கம்ப்யூட்டர் வந்து உக்காந்துக்கும்” என்றார். “அப்புறம் அவன் வந்தாலும் அது அவன் டீமா இருக்காது.”

டிசம்பர் பிறந்தது. அவர் முன்னறைக்குச் சாயம் அடித்தார். அச்சு முறுக்குக்கு மாவு அரைக்க என்னிடம் சொன்னார். நான் மாவோடு நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஜாரெட்டிடமிருந்து போன் வந்தது.

அவனுக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது. டிஃபனி என்று ஒரு பெண்ணோடு கல்யாணம் முடிவாகிவிட்டது, வீடும் பார்த்துவிட்டார்கள். கிறிஸ்மஸுக்கு வரவில்லை. கடை போடவும் வரப்போவதில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளும் முடியாது. இதையெல்லாம் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டுமாம். ஆன்ட்டி, நீங்க பக்குவமா சொல்லுவீங்க என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வாயில் பக்குவம் இருக்கிறது என்று இதுவரை செல்லன்கூடச் சொன்னதில்லை. நன்றாகக் கொடுத்தேன். கல்யாணம் பண்ணு, வீடு வாங்கு, யார் வேண்டாம் என்றது, ஆனால் ஒரு கிழவரை மே மாதத்திலேயே உட்கார வைத்துவிட்டுப் போகாதே என்றேன். “டேய் தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம நீயே வந்து ஒன் வாயால சொல்லு. இல்லைன்னா இந்த ஆன்ட்டிகிட்ட இனிமே பேசாத.” அந்தப் பக்கம் அவன் அழுதான் என்று நினைக்கிறேன். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணனிடம் நான் மூச்சு விடவில்லை. மாவை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிறு ஜாரெட் லேப்டாப்பில் வந்தான். குரல் கேட்டதும் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்ட வேகம் இருக்கிறதே, சின்னப் பையன் கெட்டான். ஏன் வரவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுத்து என்றார், இவரும் அழுத்தினார். நாள்கள் விறுவிறுவென்று நகர்ந்தன. மே மாதக் கடைசியும் வந்தது. இயன் திரும்பிவிட்டான், காலும் தேறிவிட்டது என்று அண்ணன் சத்தமாகப் படித்தார். பிறகு படிப்பதை நிறுத்தினார். நான் மெஷினை நிறுத்தினேன்.

விளையாட்டில் அப்படியும் வருமாம். இரவல் போன பையன், போன இடம் பிடித்துவிட்டது, அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்கிறான். ஜாரெட் மெதுவாக, என்னப்பா செய்யலாம் என்றான்.

அண்ணன், “அங்க டீம்ல அவனுக்கு எடம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குப்பா. எல்லா ஆட்டமும் ஆடுறான்.”

“குளிரு, சாப்பாடு எல்லாம் பழகிருச்சா?”

“பழகிருச்சுப்பா.”

“பாத்துக்க ஆளு இருக்கா?”

“இருக்காப்பா. டிஃபனின்னு பேரு” என்றான் ஜாரெட். குரல் உடைந்துவிட்டது.

நான் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியை வாயில் அழுத்திக்கொண்டேன். பிறகு அண்ணன் சொன்னார், “நல்லது. அங்கயே இருக்கட்டும். இங்க கூப்ட்டு பெஞ்சில உக்கார வச்சு என்னா செய்யப்போறேன்.” அதற்குப் பிறகு ஜாரெட் எல்லாவற்றையும் சொன்னான், கிறிஸ்மஸை, வீட்டை, ஞாயிற்றுக்கிழமைகளை. இனி நீங்க தனியா ஓட்டுங்கப்பா என்றான். எல்லாவற்றுக்கும் அவர் சரிய்யா, சரிய்யா என்றார். பெண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அம்மாவின் சங்கிலி இங்கே இருக்கிறது, அவளுக்கு அனுப்புகிறேன் என்றார். அந்த ஒரு நாள்தான் அவர்கள் அக்காவைப் பற்றிப் பேசி நான் கேட்டேன்.

அன்றைக்கு அங்கே போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. மறுநாள் முறுக்கு சுட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். முன்னறைக் கதவு மட்டும் அந்த வாரம் திறந்தே கிடந்தது, அறைக்குள் துணி காயப் போட்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு செல்லன் வீட்டில் இல்லை, ஜோகூருக்கு லோரி போயிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் கோயிலிலிருந்து குடையை உதறிக்கொண்டு வந்தது கேட்டது. லேப்டாப்பைத் திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்காலி கிரீச்சிட்டது.

“டக்ளஸ்.” “யெஸ்.” “ரோரி.” “யெஸ்.” குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். இயன் பெயர் வர வேண்டிய இடத்தில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வேறு கிளப்புக்குப் போனவன் பெயரை வெட்டிவிட்டார், கிராணி முறைப்படிதான் செய்கிறார். எனக்கு இனி வேலை இல்லை என்று ஊசியில் நூல் கோத்தேன். கடைசிப் பெயருக்கும் “யெஸ்” சொல்லி முடித்தார்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான்.

“ஜாரெட்” என்றார்.

வெட்டிய பெயரைக் கூப்பிடுகிற கிராணி இல்லை அவர். ஊசியைக் கீழே வைத்தேன். மண்டோரிடம் வசவு வாங்கிய என் அம்மா நினைவுக்கு வந்தாள். வரமாட்டார் என்று தெரிந்தவருக்குச் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் மறுபடியும் கூப்பிடவில்லை, காத்திருந்தார்.

“லீவு” என்றேன். மழையில் அவருக்குக் கேட்டிருக்காது. எழுந்துபோய்ச் சுவரில் வாயை வைத்து, “லீவு அண்ணே” என்று சத்தமாகச் சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கம் ‘தொடர்க’ பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது.